கிரீச் சத்தமும் டிஸ்க் செலவும்

கேள்வி: பிரேக் மிதித்தால் கிரீச்சென்கிறது. பேடோடு டிஸ்க்கையும் மாற்றச் சொல்கிறார்கள். தேவையா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு; அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் கட்டைதான் பேட். பேட் தேய்ந்ததும் அதிலுள்ள சின்னத் தகடு டிஸ்க்கை உரசும். பெரும்பாலும் அந்தச் சத்தம்தான். பேட் 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள், இடது, வலது சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து. டிஸ்க் வேறு கதை. குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் (தடிமனைத் துல்லியமாக அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள். ஆறிய பிறகு நகத்தால் நெருடுங்கள். ஆத்தங்குடித் தரை மாதிரி வழவழவென்று இருந்து, தடிமனும் இருந்தால் பேட் மட்டும் போதும். நான் ஒருமுறை ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று இழுத்தடித்தேன். பிள்ளையார்பட்டி போகையில் இரும்போடு இரும்பு உரசி, டிஸ்க் உழுத வயலாகிவிட்டது! அப்புறம், புதுப் பேட் போட்டதும் வண்டியை நகர்த்துமுன் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதி சும்மா உள்ளே போகும்.