மெனக்கெடாமல் வைத்துக்கொள்ளக்கூடிய குட்டை முடிவெட்டு எது?

தினமும் சீப்பும் ஜெல்லுமாக நேரம் போக்க முடியாது, ஆண்களுக்கு எந்தக் குட்டை முடிவெட்டு தோதாக இருக்கும், அதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பக்கவாட்டில் மிஷினில் நம்பர் 3 சீப்பு மாட்டி வெட்டுவது. மேலே கத்தரியால் ஓர் அங்குலம். பிடரியில் கோடு போடாமல் இறக்கிவிடச் சொல்வது. பதினோரு வருடமாக என் தலை இப்படித்தான் இருக்கிறது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். வேலை ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பாய்லர் பக்கம். வீட்டிலிருந்து மோட்டாரில் போகும்போது ஹெல்மெட், உள்ளே நுழைந்ததும் பாதுகாப்புத் தொப்பி, திரும்பும்போது மறுபடி ஹெல்மெட். ஒரு நாளில் என் தலைமுடியை முழுசாகப் பார்க்கிறவர்கள் என் மனைவியும் சாப்பாட்டுக் கடை அக்காவும்தான். அதனால் எனக்கு வேண்டியது அழகான வெட்டு இல்லை, கெடாத வெட்டு. இரண்டும் வேறு வேறு என்று புரிய எனக்கு 35 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) செலவானது.

தங்கச்சி கல்யாணத்துக்காக ஈப்போவில் ஒரு கடையில் ஃபேட் வெட்டிக்கொண்டேன். காதோரம் வெறும் தோல், மேலே போகப் போகக் கருப்பு. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைவிட நான்தான் மாப்பிள்ளை மாதிரி இருந்தேன் என்று சித்தி சொன்னார். பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் காதுக்கு மேலே அழுக்கு அப்பியது போல ஒரு திட்டு. வெட்டியவர்மேல் தப்பில்லை. கணக்கு அப்படி.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ., சிலருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வளரும். மிஷினில் மாட்டும் சீப்புகளில் நம்பர் 1 என்றால் 3 மி.மீ., 2 என்றால் 6, 3 என்றால் 10, 4 என்றால் 13. அதாவது எட்டுப் பத்து நாளில் எல்லோருடைய தலையும் ஒரு நம்பர் ஏறிவிடுகிறது. நம்பர் 1 வெட்டியவனின் முடி அதற்குள் இரண்டு மடங்காகிவிடும், ஊரே கண்டுபிடிக்கும். நம்பர் 3 வெட்டியவன் நம்பர் 4 ஆவான், பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. ஃபேட்டில் கீழே இருப்பது பூஜ்யம், அதனால் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஒட்ட வெட்டினால் வேலை மிச்சம் என்று நாம் நினைக்கிறோம். நடுத்தரமாக வெட்டினால்தான் மிச்சம். எனக்கு ஐந்து வாரம், சில சமயம் ஆறு வாரம்கூடத் தாங்குகிறது.

பிடரிக்கும் இதே கதைதான். கத்தி வைத்துக் கோடு இழுத்து நாலு மூலையாக முடித்தால் கடையிலிருந்து இறங்கும்போது நறுக்கென்று இருக்கும். ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே முளைத்ததெல்லாம் தனியாகத் தெரியும். மெல்ல இறக்கிவிட்டிருந்தால் எது புதிது, எது பழையது என்று யாருக்கும் தெரியாது. சுருட்டை முடிக்காரர்கள் பிடரியில் கத்தி வைப்பதையே குறைத்துக்கொள்வது நல்லது. வெட்டுப்பட்ட நுனி உள்ளே திரும்பிப் பரு பருவாகக் கிளம்பும், சட்டைக் காலர் பட்டால் எரியும்.

அப்புறம் சுழி. எனக்கு இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்கு இரண்டு பொண்டாட்டி என்று எங்கள் அத்தை நிச்சயதார்த்தத்தன்றே பெண் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடித்தார். அது போகட்டும். சுழி உள்ள இடத்தில் அரைகுறை நீளம் வைத்தால் முடி குச்சி மாதிரி நிற்கும், எந்த ஜெல்லுக்கும் படியாது. ஒன்று தலை முழுக்க நம்பர் 2-க்குக் கீழே போய்விடுங்கள், இல்லையென்றால் உச்சியில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடச் சொல்லுங்கள், அதன் கனத்தில் அதுவே படுக்கும். நெற்றி ஏறத் தொடங்கியவர்கள் மேலே வளர்த்து மறைக்கப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டைக் குறைத்தால் மேலே அடர்த்தி இருப்பது போலத் தெரியும்.

வீட்டிலேயே வெட்டலாமா என்றால், வெட்டலாம், அனுபவித்துத்தான் சொல்கிறேன். 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து முடிவெட்டும் கடையெல்லாம் மூடினார்கள். திரும்பத் திறந்தது ஜூன் 10. ஒரு மாதம் பொறுத்தேன். அப்புறம் மிஷின் ஒன்றை வாங்கி மனைவி கையில் கொடுத்தேன். பின்கட்டில் நாற்காலி போட்டு, கழுத்தைச் சுற்றிப் பழைய கைலி. இரண்டு இழுப்பு நன்றாகத்தான் போனது. மூன்றாவது இழுப்பில் சத்தம் மாறியது. "என்னங்க, சீப்பு கையோட வந்துருச்சு" என்றாள். வலது காதுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்குச் செம்மண் பாதை. அன்றைக்கு மொட்டைதான். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் நேர்ந்து அடித்ததைவிடச் சுத்தமான மொட்டை.

அதில் கற்றது: சீப்பை 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள், ஒவ்வொரு தடவை எடுத்து வைக்கும்போதும் தொட்டுப் பாருங்கள். பெரிய நம்பரில் தொடங்கிக் கீழே வாருங்கள். முடி காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு கூடாது. முடி வளரும் திசைக்கு எதிராக மெதுவாக ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் பிளேடைப் பிரஷ்ஷால் தட்டி, கூடவே கொடுக்கும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு ஒரு நிமிடம் ஓட விடுங்கள். எண்ணெய் காணாத பிளேடு சூடேறும், முடியை வெட்டாமல் பிடுங்கும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்தில் சம்பள ஞாயிறன்று சைக்கிளில் வரும் தாத்தாவின் கை மிஷின் அப்படித்தான் பிடுங்கும். "ஒட்ட வெட்டிருங்க" என்று அப்பா ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார், முக்காலியில் அழுவது நான்.

இப்போது நான் வீட்டில் செய்வது காதோரமும் பிடரியும் மட்டும், மூன்றாவது வாரம், ஐந்து நிமிடம். மற்றதுக்கு டவுனில் வழக்கமான கடை, 15 வெள்ளி. அங்கே நாலு நாற்காலி உண்டு, ஆள் இருப்பது இரண்டுக்கு. 2009-இல் அரசு வெளிநாட்டு ஆட்களை வேலைக்கு எடுப்பதை முடக்கியதிலிருந்து நம்மவர்களின் கடை பலவற்றில் இதே நிலைமைதான். 2023-இல் முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் என்று மூன்று துறைக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி தருவதாக அறிவித்தார்கள். எங்கள் கடையின் மூன்றாவது நாற்காலியில் இன்னும் நாளிதழ்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆறு வாரம் தாங்கும் வெட்டு வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தீபாவளிக்கு முந்தைய வாரம் போனால் டோக்கன் வாங்காத குறை.

கடையில் இரண்டு விஷயம் வாய் திறந்து சொல்லுங்கள். கத்தி வைப்பதாக இருந்தால் உங்கள் கண் முன்னாலேயே புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள், ரத்தத்தில் பரவும் நோய்களுக்குப் பழைய பிளேடு ஒரு வழி. தலையைப் பிடித்துவிடுவது சுகம்தான், ஆனால் கழுத்தை 'மடக்'கென்று திருப்ப வந்தால் வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடியது அது.

கழுவுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. வேர்வை தினமும் தண்ணீரில் போய்விடும், ஷாம்பு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். பொடுகு இருந்தால் இரவெல்லாம் தேங்காய் எண்ணெய் ஊற வைக்காதீர்கள், பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வளர்கிறது. ஹெல்மெட்டின் உள்துணியை மாதம் ஒரு தடவையாவது கழற்றித் துவையுங்கள். நான் முதல் தடவை துவைத்தபோது வாளித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

கடைசியாக, போட்டோ. நன்றாக அமைந்த வெட்டை எல்லோரும் அன்றைக்கே படம் எடுப்பார்கள். நீங்கள் நாலாவது வாரம் எடுங்கள், முன்னால், பக்கத்தில், பின்னால் என்று மூன்று. அப்போதும் பார்க்கும்படி இருந்தால் அடுத்த முறை அதையே நீட்டி, "அண்ணே, ஒரு மாசம் கழிச்சு இப்படி வரணும்" என்று சொல்லுங்கள். எங்கள் கடைக்காரர் முதலில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது படம் கேட்பதில்லை, "எப்பவும் போலத்தானே?" என்று கேட்டுவிட்டு நம்பர் 3-ஐ மாட்டிவிடுகிறார்.