ரோலர் கோஸ்டரில் எழுந்த கேள்வியும் விண்வெளிப் படிப்பும்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகள் விண்வெளித் துறைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஏறிவந்த உற்சாகத்தில் பேசுகிறாளோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய அவளுடைய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். தண்டவாளத்தின் மேட்டைப் பென்சிலால் வரைந்து, உச்சியில் ஓர் அம்புக்குறி போட்டு, "இங்கேதான் வயிறு மேலே வந்தது, ஏன்?" என்று எழுதியிருக்கிறாள். ஐயா, விண்வெளி இயற்பியல் தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான்.

மேட்டின் உச்சியை வண்டி வேகமாகக் கடக்கும்போது வண்டியும் அவளும் சேர்ந்தே விழுவதால் இருக்கை அவளைத் தாங்குவதில்லை. தாங்கும் விசை இல்லாதபோது எடையும் உணரப்படுவதில்லை. ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடப்பதும் இதுவே. அங்கே ஈர்ப்பே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவான ஈர்ப்பு அங்கும் இருக்கிறது. நிலையமும் அதில் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தாலும், பக்கவாட்டில் அத்தனை வேகமாக விரைவதால் தரையை எட்டாமல் பூமியைச் சுற்றி வருகிறார்கள். பூங்காவில் ஓரிரு விநாடி கிடைத்த அனுபவம் அவர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கிறது. இதை வீட்டிலேயே காட்டலாம். அடிப்பக்கம் சிறு துளையிட்ட பிளாஸ்டிக் பாட்டிலில் நீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்து, உயரத்திலிருந்து கீழே விடச் சொல்லுங்கள். கையில் இருக்கும்வரை பீறிட்ட நீர், பாட்டில் விழும் அந்த நொடியில் நின்றுவிடும்.

ஆற்றல் கணக்கும் ரோலர் கோஸ்டருக்கும் விண்கலத்துக்கும் பொதுவானதுதான்: உயரம் குறைந்தால் வேகம் கூடும், உயரம் கூடினால் வேகம் குறையும். சங்கிலியால் முதல் மேட்டுக்கு இழுக்கப்படும் வண்டி, பிறகு இயந்திரம் இல்லாமலே பள்ளத்தில் விரைந்து மேட்டில் தளர்கிறது. 2023 ஜூலை 14 அன்று நிலவை நோக்கி ஏவப்பட்ட சந்திரயான்-3 விண்கலம் முதலில் 170 கி.மீ.க்கும் 36,500 கி.மீ.க்கும் இடைப்பட்ட நீள்வட்டப் பாதையில் சுற்றியபோது, பூமிக்கு அருகில் விநாடிக்குச் சுமார் 10 கி.மீ. வேகத்திலும், தொலைவில் சுமார் 1.6 கி.மீ. வேகத்திலும் சென்றது அதே விதிப்படிதான்.

இனிப் படிப்பைப் பற்றி. பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவில் சேருங்கள். உடன் உயிரியலா கணினி அறிவியலா என்பதை அவள் விருப்பத்துக்கு விடலாம். திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர ஐ.ஐ.டி.களில் சேர்வதற்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வையே எழுத வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டதாக எண்ண வேண்டாம். இஸ்ரோ தன் பொறியாளர் பணிகளுக்கு மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களையும் தேர்வு வைத்து எடுக்கிறது. எனவே ஏதோ ஒரு கல்லூரியில் ஏரோஸ்பேஸ் என்ற பெயருக்காகச் சேர்வதைவிட, நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வரை சென்றவர்.

உயரமான ராட்டினத்தில் அஞ்சாமல் உட்காரும் துணிச்சல் இந்தத் துறையில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதில்லை. கணக்கை வரிவரியாகப் போட்டு முடிக்கும் பொறுமைதான் தேவை. அது அவளிடம் இருக்கிறதா என்று இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். வேகத்தின் வர்க்கம், ஈர்ப்பு முடுக்கத்தையும் (விழும் பொருளின் வேகம் விநாடிதோறும் கூடும் அளவு) வளைவின் ஆரத்தையும் பெருக்கி வரும் எண்ணுக்குச் சமமாகும்போது இருக்கை தாங்குவதை நிறுத்துகிறது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். மேட்டின் வளைவு ஆரம் 20 மீட்டர், முடுக்கம் 9.8 என்று வைத்தால் விநாடிக்கு 14 மீட்டர் என்ற விடை வரும். அதே சமன்பாட்டில் ஆரத்துக்குப் பூமியின் மையத்திலிருந்து விண்வெளி நிலையம் வரையிலான 6,770 கி.மீ.யை மீட்டராக மாற்றி, முடுக்கத்துக்கு 8.7 என்று வைக்கச் சொல்லுங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. என்று வரும், அதுதான் நிலையம் சுற்றிவரும் வேகம்.