வீகன் சருமப் பராமரிப்பு: கேள்விகளும் பதில்களும்

வீகன், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத அழகுப் பொருட்கள் பற்றிக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். க்ரீம், லோஷன் தயாரிப்பதுதான் என் வேலை. அதனால் மூலப்பொருள் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, டப்பாவில் முயல் படம் போட்டிருந்தால் அது வீகன்தானே?

அப்படிச் சொல்ல முடியாதும்மா. முயல் படம் விலங்குச் சோதனை பற்றியது, உள்ளே என்ன இருக்கிறது என்பது பற்றியதல்ல. தேன்மெழுகு சேர்த்த லிப் பாமிலும் அந்த முயல் நியாயமாகவே இருக்கலாம். இன்னொன்று, முயலை யார் வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம். லீப்பிங் பன்னி போல, ஒரு அமைப்பு சரிபார்த்துக் கொடுத்த முத்திரைதானா என்று பாருங்கள். பிரிட்டனின் வீகன் சொசைட்டி 1990 முதல் தரும் சூரியகாந்தி முத்திரைக்கு இரண்டு நிபந்தனையும் உண்டு: விலங்குப் பொருளும் கூடாது, விலங்குச் சோதனையும் கூடாது.

முத்திரை எதுவும் இல்லாத பொருளில் எந்தெந்தப் பெயர்களைத் தேட வேண்டும்?

தேன், பால், பட்டு, நத்தைச் சாறு எல்லாம் சுலபம். விற்பதற்காக அவர்களே முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிடுவார்கள். பின்பக்கப் பட்டியலில்தான் கவனம் வேண்டும். லானோலின் ஆட்டு ரோமத்தில் படியும் மெழுகு. செரா ஆல்பா என்றிருந்தால் அதுதான் தேன்மெழுகு. சோப்பில் வரும் சோடியம் டாலோவேட் விலங்குக் கொழுப்பிலிருந்து வருவது. உதட்டுச் சாயத்துச் சிவப்புக்குச் சேர்க்கும் கார்மைன் ஒரு பூச்சியை உலர்த்தி எடுப்பது; பட்டியலில் சி.ஐ. 75470 என்று எண்ணாக மட்டும் நிற்கும். மினுமினுப்புக்கான குவானின் மீன் செதிலிலிருந்து வரும், எண் 75170.

இவையாவது நேராகத் தெரிபவை. கிளிசரின், ஸ்டியரிக் ஆசிட், ஸ்குவாலேன் மூன்றும் இரண்டு வழியிலும் வரும். கிளிசரினைத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். மூலக்கூறு ஒன்றுதான், பட்டியலில் எழுதும் பெயரும் ஒன்றுதான். ஸ்குவாலேன் ஒரு காலத்தில் சுறாவின் ஈரலிலிருந்து வந்தது. இப்போது ஆலிவ், கரும்பிலிருந்தும் வருகிறது. பட்டியலை எத்தனை முறை படித்தாலும் எது எங்கிருந்து வந்தது என்று பிடிபடாது. அந்தத் தகவல் மூலப்பொருள் விற்பவர் தரும் சான்றிதழில்தான் இருக்கும், அது தயாரிப்பாளர் கையில் இருக்கும். ஆகவே எழுதிக் கேளுங்கள். “உங்கள் கிளிசரின் எதிலிருந்து வருகிறது?” என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிற நிறுவனத்தை நான் நம்புவேன். “இயற்கையின் அரவணைப்பு” என்று பத்தி பத்தியாக எழுதினால் விட்டுவிடுவேன்.

லாக்டிக் ஆசிட் பாலிலிருந்தும், ஹயலுரானிக் ஆசிட் சேவல் கொண்டையிலிருந்தும் வருகிறதாமே?

ஹயலுரானிக் ஆசிட்டை முன்பு கொண்டையிலிருந்து எடுத்தது உண்மை. இப்போது அழகுப் பொருட்களில் சேர்வது பெரும்பாலும் நுண்ணுயிர் நொதித்தலில் கிடைப்பது. லாக்டிக் ஆசிட்டும் பெரும்பாலும் தாவரச் சர்க்கரையை நொதிக்க வைத்து எடுப்பதுதான். சந்தேகம் இருந்தால் மேலே சொன்னபடி எழுதிக் கேளுங்கள்.

மேடம், “வீகன் கொலாஜன்” க்ரீம் வாங்கலாமா?

கொலாஜன் விலங்கு உடலின் புரதம், செடியில் கிடையாது. அந்தப் பெயரில் வருபவற்றில் சில, நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கியவை. பல, வெறும் தாவரச் சாறும் அமினோ அமிலமும்தான். எதுவாக இருந்தாலும் முழுக் கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் இறங்க முடியாத அளவுக்குப் பெரியது. மேலே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. அந்த வேலையை வெறும் கிளிசரினே செய்யும்.

வீகன் என்று நம்பித்தான் போட்டேன், முகம் சிவந்து எரிகிறது. ஏன்?

முதலில் அதை நிறுத்துங்கள். வீக்கமோ கொப்புளமோ இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

வீகன் முத்திரை என்பது, பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கான உத்தரவாதம். உங்கள் தோல் அதைத் தாங்குமா என்பது அதற்குத் தெரியாது. செடியிலிருந்து வருபவற்றிலேயே தோலை உறுத்துபவை ஏராளம். லாவெண்டர், டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். பெர்கமாட், எலுமிச்சைத் தோல் எண்ணெய்களைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகவும் கூடும். வாசனை சேர்க்காததாகத் தேர்ந்தெடுங்கள். புதிய பொருளை முழங்கை மடிப்பில் சிறு இடத்தில் தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் தடவிப் பார்த்த பிறகு முகத்துக்குக் கொண்டுபோங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் அதிகம்!

ரெட்டினாலுக்கு வீகன் மாற்று உண்டா?

சுருக்கம் குறையப் பூசும் வைட்டமின் ஏ வகைதான் ரெட்டினால். அதுவே பெரும்பாலும் செயற்கையாகத் தயாராவதுதான், வீகனாகவே கிடைக்கும். எரிச்சல் காரணமாக மாற்றுத் தேடினால் பாகுச்சியால் இருக்கிறது. கார்போக அரிசி விதையில் உள்ள பொருள். 44 பேரை வைத்து 12 வாரம் நடத்திய ஆய்வில், சுருக்கத்தையும் கருமையையும் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் தோல் உரிவு அதிகம். ஆய்வு சிறியது, நினைவிருக்கட்டும். கர்ப்பிணிகள் ரெட்டினாலைத் தவிர்க்க வேண்டும். பாகுச்சியாலையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

பெட்ரோலியம் ஜெல்லி வீகனா?

ஆமாம், அது வருவது கச்சா எண்ணெயிலிருந்து. பலருக்கு இது பிடிக்காத பதில்.

பாதி தீர்ந்த பழைய க்ரீம்களை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

தூக்கிப் போடாதீர்கள். காலாவதி ஆகாதவரை பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், அல்லது வேண்டியவர்களுக்குக் கொடுங்கள். விரல் விட்டு எடுக்கும் டப்பாவை மட்டும் பிறருக்குத் தர வேண்டாம். தீரத் தீர ஒவ்வொன்றாக மாற்றினால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் தெரிந்துவிடும். சன்ஸ்கிரீன் காலாவதியாகிவிட்டால் யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.