டிபென்டன்ட் பாஸுக்கு வங்கி இருப்பைக் காட்டலாமா?

வணக்கம். சிங்கப்பூரில் எஸ் பாஸில் (நடுத்தரத் திறனாளர்களுக்கான வேலை அனுமதி) இருக்கிறீர்கள், அடிப்படைச் சம்பளம் 5,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைமோடு 6,300. ஊரில் உள்ள வைப்புநிதியைக் காட்டி மனைவியையும் மகளையும் டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தினர் உடன் வந்து தங்குவதற்கான அனுமதி) அழைத்துவர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. மனிதவள அமைச்சு பார்ப்பது நிலையான மாதச் சம்பளத்தை. குறைந்தது 6,000 வெள்ளி வேண்டும். அடிப்படைச் சம்பளமும் மாதாமாதம் மாறாத படிகளும் அதில் சேரும். ஓவர்டைம், போனஸ், கமிஷன் சேராது. வங்கியில் எவ்வளவு கிடந்தாலும் இந்த வரம்பை அது ஈடுகட்டாது.

முதலாளியிடம் பேசிப் பாருங்கள்: 600 வெள்ளியை நிலையான படியாகத் தந்தால் போதும். ஆனால் அது ஒவ்வொரு மாதமும் உண்மையாகவே உங்கள் கைக்கு வரவேண்டும். தாளில் மட்டும் ஏற்றிக் காட்டுவது குற்றம், உங்கள் பாஸுக்கே ஆபத்து. தயவுசெய்து அந்த வழியே வேண்டாம்.

விண்ணப்பிப்பதும் நிறுவனம்தான். திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பை இப்போதே எடுத்து வையுங்கள்.