மூக்கில் மூன்று குண்டு

அன்புள்ள சார்,

ஆறு மாதமாக ஒரு லங்காஸ்டர் செய்துகொண்டிருக்கிறேன், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. ஏர்ஃபிக்ஸ் கிட், 1/72 அளவு. படம் இணைத்திருக்கிறேன். இறக்கையில் துருவும் பெயிண்ட் உரிசலும் இன்னும் தத்ரூபமாக வர என்ன செய்யலாம்? கண்ணாடிப் பாகங்களை ஒட்டினால் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது, எந்தப் பசை நல்லது? கடைசியாக ஒன்று. ஊர்களைக் கொளுத்திய விமானத்தைக் கூடத்தில் வைத்து அழகு பார்ப்பதா என்று மனைவி கேட்கிறாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

செந்தில், திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைவேலை சுத்தம். இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் புட்டி வைத்து உப்புத்தாள் போட்ட சுவடே இல்லை. நான்கு எஞ்சின்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இந்தக் கிட்டில் அது லேசில் வராது. அந்தப் பொறுமைக்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். அதற்கு மேல் நீங்கள் பூசிவைத்திருப்பதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

துருவா? விமானத்தின் தோல் அலுமினியக் கலவை ஐயா. உங்கள் வீட்டு அலுமினியக் குண்டான் என்றைக்காவது துருப்பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கறுக்கும், நசுங்கும், வெளுக்கும். துரு மட்டும் ஏறாது. எஞ்சினின் புகைக்குழாய்ப் பக்கம் கொஞ்சம் செம்பழுப்பு காட்டலாம், அங்கே இருப்பது எஃகு. இறக்கை நடுவில் எப்படி வந்தது? யாரோ வீடியோவில் கப்பலுக்குச் செய்ததை நீங்கள் விமானத்துக்குச் செய்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்த உரிசல்கள். நிஜ லங்காஸ்டரின் இறக்கை முனைக்கு முனை 31 மீட்டர். உங்கள் மேசையில் அது 43 சென்டிமீட்டர். அதாவது நீங்கள் பஞ்சால் ஒற்றியெடுத்த ஒரு மில்லிமீட்டர் வெள்ளிப் பொட்டு, நிஜத்தில் ஏழு சென்டிமீட்டருக்குப் பெயிண்ட் பெயர்ந்த இடம். இடது இறக்கையில் மட்டும் நாற்பது எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். இப்படி ஒரு விமானம் போய் நின்றால் தரைப் பணியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் கூட மன்னித்துவிடலாம். விமானியின் ஜன்னலுக்குக் கீழே மூக்கில் மூன்று சின்ன மஞ்சள் குண்டுகள் வரைந்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஒரு முறை குண்டு போடப் போய் வந்தால் ஒரு குண்டு வரைவார்கள். மூன்று குண்டு என்றால் மூன்று இரவு. மூக்கில் மூன்று இரவு, உடம்பில் முப்பது வருஷ அழுக்கு. இது எப்படி?

மகள் லண்டனில் இருந்தபோது ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே 'எஸ் ஃபார் ஷுகர்' என்ற லங்காஸ்டர் நிற்கிறது. 137 முறை போய்வந்ததாகக் கணக்கு. மூக்கில் வரிசை வரிசையாகக் குண்டுகள். எதிரி விமானம் எதுவும் ஜெர்மனிக்கு மேல் பறக்காது என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் அடித்த சவடாலையும் அதன் கீழேயே எழுதிவைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். நாம் மனதில் வைத்திருக்கும் லங்காஸ்டர் இதுதான், அடிபட்டுத் தேறிய கிழவன். ஆனால் கட்டிய 7,377 விமானங்களில் நூறு பயணம் தாண்டியவை ஏறக்குறைய 35தான். கிட்டத்தட்டப் பாதி போரிலேயே தொலைந்தன. பல விமானங்கள் அழுக்காவதற்குள்ளேயே போய்விட்டன, செந்தில்.

1943 மே 16 இரவு ரூர் பகுதி அணைகளை உடைக்கப் போன 617ஆம் படைப்பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கென்றே மாற்றிக் கட்டி, ஏப்ரலில் வந்து சேரத் தொடங்கிய விமானங்கள். பெயிண்ட் வாசனைகூடப் போயிருக்காது. 19 கிளம்பின, 8 திரும்பவில்லை. 53 பேர் செத்தார்கள். அந்த எட்டில் ஒன்றைச் செய்வதாக இருந்தால் எந்த அழுக்கைப் பூசுவீர்கள்? விமானத்தில் பறப்பவர்களுக்கு ஒரு டூர், அதாவது ஒரு பணிச்சுற்று, என்றால் முப்பது பயணம். அதை முடித்தால் ஓய்வு. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரோடு இல்லை. அத்தனை பேரும் தாங்களாக விரும்பிப் பறக்க வந்தவர்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள்.

பூசித்தான் ஆகவேண்டும் என்றால் புகைக்கறை பூசுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் இறக்கை மேல் நீளமாக இழுத்துவிடுங்கள். கரிக்கறுப்பு வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல், அதனால் கறை வெளிறிய சாம்பலாகத்தான் படியும். அடிப்பாகத்தின் மங்கிய கறுப்பில் அது நன்றாக எடுபடும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்க்கில் ஒரு வாரத் தாக்குதலில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், தெருத்தாரே உருகிய ஊர் அது. அங்கே போனவற்றில் லங்காஸ்டர்கள் நிறைய. அவர் கேட்டது நியாயமான கேள்வி, கேட்டது உங்களிடம். என்னை நடுவில் இழுக்காதீர்கள். கூடத்திலிருந்து எடுத்து பீரோ மேல் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள்.

சரி, வால் டர்ரட்டுக்கு வருகிறேன், விமானத்தின் வால் நுனியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டு. அதன் கண்ணாடியிலும் அழுக்குப் போலத் தெரிய நீர்த்த பெயிண்டைப் பழுப்பாக வாஷ் விட்டிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை.

1978இல் சிங்கப்பூரிலிருந்து மாமா ஒரு லங்காஸ்டர் கிட் கொண்டுவந்தார். எனக்குப் பதினொரு வயது. பசை ஒழுகிய கட்டைவிரலால் வால் டர்ரட்டைப் பிடித்துவிட்டேன். புளியங்கொட்டை அளவுக் கண்ணாடி, அதில் என் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. அழுதுகொண்டே சித்தப்பாவிடம் போனேன். அவர் கும்பகோணத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். முதலில் மண்டையில் ஒரு குட்டு. "கண்ணாடின்னா கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" அப்புறம் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, துணி நுனியில் பற்பசை தொட்டு, வாட்ச் கண்ணாடிக்குத் தேய்ப்பது போல வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். கடைக்கு வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு, விளக்கு வைக்கும் வரை தேய்த்தார். முழுசாகப் போகவில்லை. "இதுக்குள்ள யாருடா உக்காருவான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்தது. நான்கு துப்பாக்கிகளோடு ஒரே ஒருவன், மற்ற ஆறு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம்கூட இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். உடம்பில் மின்சாரச் சூட்டு உடை. பாராசூட் வைக்க உள்ளே இடம் இல்லை, முதுகுக் கதவைத் திறந்து விமானத்தின் உள்ளிருந்து எடுக்கவேண்டும். கிளம்புமுன் அவனே அந்தக் கண்ணாடியைத் தேய்தேய் என்று தேய்ப்பானாம். ஒரு புள்ளி அழுக்கு இருந்தாலும் இருட்டில் அது தூரத்தில் வரும் எதிரி விமானம் போலத் தெரியும், அல்லது நிஜமாகவே வருகிறவன் அந்தப் புள்ளியில் மறைந்துபோவான். தேய்த்தும் திருப்தி இல்லாமல் எதிரே இருந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடிப் பிளாஸ்டிக்கை வெட்டியே எடுத்துவிட்டு, உறையும் குளிர்காற்றில் உட்கார்ந்தவர்களும் உண்டு.

இதைப் படித்தபோது சித்தப்பா இல்லை. இருந்திருந்தால் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

உங்கள் விமானத்தில் எதை விட்டாலும் அந்த ஒரு கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். என்ன பெயிண்ட் என்று நீங்கள் எழுதவில்லை. அக்ரிலிக்காக இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு மெதுவாக எடுக்கலாம், முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். மூன்று மஞ்சள் குண்டுகளும் இருக்கட்டும், துரு போகட்டும்.

பசை கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். சூப்பர் குளூவின் ஆவிதான் கண்ணாடியில் படிந்து வெள்ளையாகப் பூக்கிறது. ஃபெவிகால் போதும். ஊசி முனையில் தொட்டு விளிம்பில் மட்டும் வையுங்கள், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.