கேன், குட், மே, மஸ்ட் குழப்பத்திலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள்?

கேள்வி கேட்டவர், ஆங்கில மோடல் வினைகளின் (கேன் (can), குட் (could), மே (may), மஸ்ட் (must) போல, இன்னொரு வினையோடு சேர்ந்து நம்முடைய ‘முடியும்’, ‘லாம்’, ‘வேண்டும்’ செய்யும் வேலையைச் செய்யும் துணைவினைகள்) அட்டவணையை மனப்பாடம் செய்தும் எழுத உட்கார்ந்தால் எதைப் போடுவது என்று கை நின்றுவிடுகிறது என்கிறார். எனக்கும் பல வருஷம் இதே கதைதான். ஒரு ஃபைல் பறிபோன பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தமிழ் தெரியாத சக ஊழியர் ஒருவருக்கு, பழைய ஃபைலை அழிக்க வேண்டாம் என்று சொல்ல நினைத்து, ‘யூ டோன்ட் ஹேவ் டு டிலீட் தி ஓல்ட் ஃபைல்’ என்று மெயில் அனுப்பினேன். மறுநாள் ஃபைலைக் காணோம். ஏன் அழித்தீர்கள் என்று கேட்டால், “அழித்தே ஆக வேண்டும் என்றில்லை என்றுதானே எழுதியிருந்தீர்கள்? இடத்தை அடைக்கிறதே என்று அழித்துவிட்டேன்” என்றார். அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

தவறின் வேர் நம்முடைய ‘வேண்டாம்’. ‘நீ வர வேண்டாம்’ என்றால் வராதே என்ற தடையாகவும் இருக்கும், சிரமப்பட்டு வரத் தேவையில்லை என்ற சலுகையாகவும் இருக்கும். குரலையும் முகத்தையும் வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். தடை என்றால் ‘மஸ்ட் நாட்’, அல்லது வெறும் ‘டோன்ட்’. தேவையில்லை என்றால் ‘டோன்ட் ஹேவ் டு’. ‘மஸ்ட்’, ‘ஹேவ் டு’ இரண்டுக்கும் நேராகச் சொல்லும்போது பொருள் கிட்டத்தட்ட ஒன்று. ‘நாட்’ சேர்ந்ததும் ஒன்று கிழக்கே போகிறது, மற்றது மேற்கே. என் அட்டவணையில் இரண்டுக்கும் எதிரே ‘வேண்டும்’ என்று போட்டிருந்ததோடு சரி.

அதன்பின் அட்டவணையை மூடிவிட்டு, தமிழில் நான் இதையெல்லாம் எப்படிச் சொல்கிறேன் என்று கவனிக்க ஆரம்பித்தேன். முதலில் பிடிபட்டது வடிவம். ‘ஷி கேன்ஸ்’, ‘கேன் டு கோ’ என்றெல்லாம் தப்பாக எழுதுகிறோமே, தமிழில் அந்தத் தப்பை யாராவது செய்கிறோமா? நான் போக வேண்டும், அவள் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். ‘வேண்டும்’ யாருக்காகவும் மாறுவதில்லை. அதற்கு முன்னால் வருவது வெறும் ‘போக’தான். ஆங்கில மோடல்களும் அப்படியே: ஆளுக்கேற்ப ‘எஸ்’ ஒட்டாது, பின்னால் வரும் வினை ‘டு’ இல்லாமல் மொட்டையாக நிற்கும். இது விளங்கிய பிறகு அந்தப் பக்கம் நான் தடுமாறியதே இல்லை.

உண்மையான சிக்கல் பொருளில் இருக்கிறது. ஒரே மோடல் இரண்டு வேலை பார்க்கும். ஒன்று அனுமதி, கடமை, திறமை. இன்னொன்று, பேசுபவரின் ஊகம். அட இது என்ன கொடுமை என்று நினைக்க வேண்டாம், நம்முடைய ‘லாம்’ செய்வதும் இதையேதான். ‘நீ போகலாம்’ என்பது அனுமதி, ‘மழை வரலாம்’ என்பது ஊகம். ஆங்கிலத்தில் முதலாவது ‘யூ மே கோ’, இரண்டாவது ‘இட் மே ரெயின்’. ‘மே’க்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஊகத்தில் ‘மைட்’ அதைவிடச் சற்றுத் தயக்கமானது. அந்த நூலிழை வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

என்னை அதிகம் ஆட்டிவைத்த வாக்கியம் ‘அவர் வந்திருக்க வேண்டும்’. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னால் அது ஊகம்: ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’. கூட்டம் முடிந்தும் ஆளைக் காணோம் என்ற கடுப்பில் சொன்னால் அது குறை: ‘ஹி ஷுட் ஹேவ் கம்’. தமிழில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் முதல் வாக்கியத்தில் ஆள் வந்துவிட்டார், இரண்டாவதில் வரவில்லை! இப்போதும் இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, ஆள் வந்தாரா வரவில்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஊகத்தில் ‘மஸ்ட்’டுக்கு எதிர்ப்பதம் ‘கான்ட்’. ‘அது அவராக இருக்க முடியாது’ என்று தமிழில் சொல்வது அப்படியே ‘இட் கான்ட் பி ஹிம்’ ஆகிறது. இங்கே தமிழைப் பின்பற்றினாலே போதும்.

‘கேன்’ பற்றி ஒரு குட்டித் தகவல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘அறிதல்’ என்று பொருள் இருந்தது. நாம் ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்று சொல்வதை அவர்கள் ‘ஐ கேன் ஸ்விம்’ என்று சொல்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதன் இறந்தகால வடிவமான ‘குட்’டில் ஓர் ‘எல்’ எழுதுகிறோமே, அது ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் நுழைந்தது. அந்த இரண்டிலும் ‘எல்’ பரம்பரைச் சொத்து, ‘குட்’டில் ஓசி. எழுத்துப்பிழை விட்டதற்காகத் திட்டு வாங்கியவர்கள் ஆறுதல் அடையலாம்.

அதே ‘குட்’டில் ஒரு பொறியும் உண்டு. ஆறு வயதிலேயே எனக்கு நீந்த முடிந்தது என்று பொதுவான திறமையைச் சொல்ல ‘குட்’ சரி. நேற்று ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிக்க முடிந்தது என்றால், அது ஒரு தடவை நடந்து முடிந்த காரியம். அதற்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ போட வேண்டும். பிடிக்க முடியவில்லை என்றால் ‘குடன்ட்’ தாராளமாக வரும். ‘மஸ்ட்’டுக்கோ இறந்தகால வடிவமே இல்லை. நேற்று போக வேண்டியிருந்தது என்பதற்கு ‘ஹேட் டு கோ’ என்று கடன்தான் வாங்க வேண்டும்.

கட்டாயத்தின் அளவுதான் குழப்பம் என்றால் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தைப் பாருங்கள். இணையத் தொழில்நுட்ப விதிகளை எழுதுபவர்களுக்காக 1997ல் வந்தது, சில பக்கங்கள்தான். அதில் ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கே இல்லாத கட்டாயம். ‘ஷுட்’ என்றால், தகுந்த காரணம் இருந்தால், விளைவுகளை யோசித்துவிட்டு மீறலாம். ‘மே’ என்றால் முழுக்க உங்கள் விருப்பம். பேச்சு ஆங்கிலம் இவ்வளவு கறாராக இருக்காதுதான், ஆனாலும் மூன்றுக்கும் உள்ள இடைவெளி என் மனதில் பதிந்தது இதைப் படித்துத்தான். ‘ஃபைலை நாளைக்குள் அனுப்ப வேண்டும்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை ‘யூ மஸ்ட் சென்ட்’ என்று மேலதிகாரிக்கு எழுதினால் அதட்டுவதுபோல் ஆகிவிடும். ‘குட் யூ சென்ட்’ என்று கேள்வியாகக் கேட்டால் நம்முடைய ‘அனுப்ப முடியுமா’வின் பணிவு கிடைத்துவிடும்.

பயிற்சி என்று நான் செய்தது ஒன்றே ஒன்று. எந்த மோடலை எழுதினாலும் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுவேன். ‘ஹி மஸ்ட் பி ஹங்ரி’ என்று எழுதினால், காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அடுத்து வர வேண்டும். காரணம் வலுவாக இல்லையென்றால் ‘மஸ்ட்’டை அடித்துவிட்டு ‘மைட்’. ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், அதுவும் அன்று உண்மையில் நடந்ததைப் பற்றி. இரண்டு மூன்று மாதத்தில் கை தானாகப் போக ஆரம்பித்தது.

இன்னும் எனக்கு வசப்படாதது ‘வுட்’. மரியாதையாக இருக்கட்டும் என்று ‘ஐ வுட் கம் டுமாரோ’ என்று எழுதிவிடுகிறேன். படிப்பவர், வருவேன் ஆனால் ஏதோ தடை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, என்ன பிரச்சினை என்று கேட்கிறார். நிச்சயமாக வருவதென்றால் ‘வில்’தான். அனுப்பும் முன் மெயிலில் ‘வுட்’ என்று தேடிப் பார்த்து மாற்றும் பழக்கம் இன்றும் இருக்கிறது.