அம்மாவின் மூக்கும் 50 எம்எம் லென்ஸும்

கேள்வி: என்னிடம் கேனான் 200டி, கூடவே வந்த 18-55 கிட் லென்ஸ் இருக்கின்றன. போர்ட்ரெய்ட்டுக்காக (முகப்படம்) 50 எம்எம் லென்ஸ் வாங்கப்போகிறேன். 1.8 எஸ்டிஎம், 1.4 யுஎஸ்எம், 1.2 எல் மூன்றில் எது? கடன் வாங்கியாவது 1.2 எடுத்துவிடலாமா? வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்றால், மூக்கு பெரிதாகத் தெரிகிறதென்று அம்மா உட்கார மறுக்கிறார்.

பதில்: தம்பி, போகிறபோக்கில் எழுதிய கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. அம்மா சொன்னது சரி. நீங்கள் ரொம்பக் கிட்டத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. 60 செ.மீ. தூரத்தில் எடுத்தால், காதோடு பார்க்க மூக்கு 20 சதவீதம் பெருத்து விழும். 2 மீட்டர் தள்ளிப்போனால் 6 சதவீதம்தான். இதற்கும் அப்பர்ச்சருக்கும் (லென்ஸின் திறப்பு; 1.2, 1.8 என்ற எண் சிறிதானால் திறப்பு பெரிது) சம்பந்தமே இல்லை. 1.2 வாங்கி அதே இடத்தில் நின்றாலும் அதே மூக்குதான். பெற்றவர் சொன்ன குறையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கடனுக்கு அலைகிறீர்களே! பழகிப் பார்க்க அவர் என்ன பொம்மையா? கேமரா வைத்திருக்கும் பிள்ளைக்கு, அம்மாவை அவருக்கே பிடிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கொடுப்பது கடமை.

1.8 போதும். உங்களுடையது ஏபிஎஸ்-சி, அதாவது சிறிய சென்சார் கேமரா; அதில் 50 எம்எம், ஃபுல்ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவின் 80 எம்எம் போலப் பார்க்கும். ஒன்றரை மீட்டரில் தலை முதல் மார்பு வரை நிறையும். அந்தத் தூரத்தில் 1.2-இல் ஃபோகஸில் நிற்பது மொத்தம் 4 செ.மீ. கண் ஷார்ப்பாக இருந்தால் மூக்கு நுனியும் காதும் கலங்கிவிடும். 2.8-இல் கிட்டத்தட்ட 10 செ.மீ. கிடைக்கும். ஆனால் 1.2 எல்-ஐக் கிட்டத்தில் வைத்து திறப்பை 2, 2.8 என்று மூடினால் ஃபோகஸ் பின்னால் நகரும். கண்ணில் வைத்தது காதுப்பக்கம் போய் நிற்கும். 1.4-க்கு முன்குழல் வெளியே நீளும். அதில் ஒரு இடி பட்டால் ஆட்டோஃபோகஸ் சிக்கிக்கொள்ளும்.

பின்னணி மங்க வேண்டுமா? நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால் இழுத்துப் போடுங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். எஃப்/2.8, ஷட்டர் 1/160-க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 800 வரை. ஒற்றை ஃபோகஸ் புள்ளி, உங்களுக்குக் கிட்ட இருக்கும் கண்ணில்.

லென்ஸ் வரும்வரை காத்திருக்காதீர்கள். இருக்கிற கிட் லென்ஸையே 55-இல் வைத்து, 5.6-இல், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இன்றைக்கே எடுங்கள். "நீ சொன்னதுதான் சரிம்மா" என்று முதலில் சொல்லிவிட்டு, படத்தை அவரிடம் காட்டுங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.